கோபுரத்தை விடுங்கள், ஒடியோலையைப் பாருங்கள்

கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்கோ மன்னார்குடி அரிசி ஆலைக்கோ ஒரு வெப்சைட் செய்தால் முதல் ஸ்கிரீனில் என்ன இருக்கும் என்பதைத் திறக்காமலே சொல்லிவிடலாம். பெரிய கோயிலின் நிழலுருவம், ஓரத்தில் நெற்கதிர், பின்னால் மங்கலாக ஒரு கோலம், அரக்கும் தங்கமுமாக நிறம். (அந்த நிழலுருவத்தைப் பாதிப் பேர் கோபுரம் என்றே எழுதுகிறார்கள். அது விமானம்.) கடைப் பெயரை மறைத்துவிட்டால் எந்த சைட் யாருடையது என்று உரிமையாளருக்கே தெரியாது. டெல்டாவில் உட்கார்ந்து வேலை செய்யும் டிசைனருக்கு 'நம்ம ஊர் இன்ஸ்பிரேஷன்' என்றால் இந்த நான்கு படங்கள்தான் என்று ஆகிப்போனது பெரிய நஷ்டம். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் ஒவ்வொரு கைத்தொழிலுக்குள்ளும் ஓர் அளவுமுறை இருக்கிறது, ஒரு விதி இருக்கிறது, தப்பு நடந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நாம் அவற்றின் போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.

உலோகச் சிலை வார்க்கும் சுவாமிமலையிலிருந்து ஆரம்பிக்கலாம். அங்கே ஸ்தபதி மெழுகில் கை வைப்பதற்கு முன்னால் தென்னை ஓலையிலிருந்து ஒரு குறுகிய நாடாவைக் கிழித்து, செய்யப்போகும் சிலையின் உயரத்துக்கு நறுக்கிக்கொள்வார். அதன் பெயர் ஒடியோலை. அதை மடித்து மடித்துத்தான் முகம், மார்பு, தொடை, முழங்கால் எல்லாவற்றுக்கும் அளவு எடுக்கிறார்கள். உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 பாகம், மத்திம தசதாலத்தில் 120. ஒரு பாகத்துக்கு அங்குலம் என்று பெயர், அதற்குள் 8 யவை. இந்த அங்குலம் கடையில் வாங்கும் டேப்பில் இருக்கும் அங்குலம் இல்லை. அந்தச் சிலையின் உயரத்திலிருந்தே பிறக்கிற அளவு. ஓரடிச் சிலையில் ஓர் அங்குலம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர், ஆறடிச் சிலையில் கிட்டத்தட்ட 15 மில்லிமீட்டர். சிலை பெரிதானாலும் சிறிதானாலும் முகத்துக்கும் உடம்புக்கும் உள்ள பொருத்தம் கெடாது.

வெப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் எழுதுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, இது ரெம் (rem), பக்கத்தின் அடிப்படை எழுத்தளவிலிருந்து பிறக்கிற அலகு. ஆனால் ரெம் தெரிந்தவர்களும் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள். எழுத்துக்கு ரெம், பட்டனின் உள் இடைவெளிக்கும் உயரத்துக்கும் பிக்சல் என்று கலந்து எழுதுவார்கள். டிசைன் வரைந்த ஃபிக்மாவில் இருந்தபடியே குரோமிலும் தெரியும், கிளையன்ட் சரி சொல்லிவிடுவார். கண் மங்கிய பெரியவர் ஒருவர் ப்ரவுசரில் எழுத்தின் அளவை 16லிருந்து 20க்கு ஏற்றியவுடன் சாயம் வெளுக்கும். ஒன்றரை ரெம் எழுத்து 24 பிக்சலிலிருந்து 30க்குப் போகும், 48 பிக்சல் என்று கட்டிப்போட்ட பட்டன் அப்படியே நிற்கும், இரண்டாவது வரி பட்டனுக்கு வெளியே தொங்கும். இன்னும் மோசமான பழக்கம், கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று ரூட்டில், அதாவது பக்கத்தின் அடிவேரில், எழுத்தளவை 10 பிக்சல் என்று எழுதுவது. அந்த ஒரு வரி, பெரியவர் செய்த மாற்றத்தைச் சுத்தமாக அழித்துவிடும். கணக்கு சுலபமாகத்தான் வேண்டும் என்றால் 62.5 சதவிகிதம் என்று எழுதுங்கள், அவருடைய விருப்பமும் மிஞ்சும்.

தலைப்புக்கு க்ளாம்ப் (குறைந்தது, நடு, அதிகபட்சம் என்று மூன்று அளவு வாங்கும் சிஎஸ்எஸ் கட்டளை) போடும்போதும் இதே கவனம் வேண்டும். நடுவில் வெறும் வியூபோர்ட் (திரையில் பக்கம் தெரியும் பகுதி) அகலத்தை மட்டும் வைத்தால் ஸூம் செய்தாலும் எழுத்து வளராது. குறைந்தது 1.75 ரெம், நடுவில் 1.2 ரெம்முடன் வியூபோர்ட் அகலத்தில் 2.5 சதவிகிதம், அதிகபட்சம் 3 ரெம் என்று வைத்துப் பாருங்கள். 360 பிக்சல் போனில் தலைப்பு 28 பிக்சலாக இருக்கும், அகலம் 1152 ஆகும்போது 48ஐத் தொட்டு நின்றுவிடும். இதையெல்லாம் கையில் பழக்க ஒரு பயிற்சி உண்டு. உடல் எழுத்து 16, வரி உயரம் 1.75, ஆக ஒரு வரி 28. அந்த 28தான் உங்கள் ஒடியோலை. பக்கத்தில் உள்ள எல்லா இடைவெளியையும் 7, 14, 28, 42, 56 என்று அதை மடித்தும் கூட்டியும் மட்டுமே எடுங்கள். வேறு எண் தேவைப்பட்டால் டிசைனில் எங்கேயோ கோணல் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது கோலம். பின்னணிப் படமாக அதைப் போடுகிறவர்களுக்குத் தெரியாத விஷயம், கணினி அறிவியலில் கோலத்துக்கு ஐம்பது வருடப் பழக்கம் இருக்கிறது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை வரைகின்ற இலக்கணங்களைப் பற்றி 1974லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். புள்ளி வைப்பதிலேயே இரண்டு கிரிட் இருக்கிறது. 7க்கு 7 நேர்ப்புள்ளி என்றால் 49 புள்ளி, நமக்குப் பழக்கமான சதுரக் கட்டம். 7 புள்ளி 4 முடிய சந்துப்புள்ளி என்றால் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று 37 புள்ளி, அது தேன்கூட்டுக் கட்டம். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் சிஎஸ்எஸ் கிரிட் 2017 மார்ச்சில் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றுக்கும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகும் எல்லோரும் பன்னிரண்டு நெடுவரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறோம். போட்டோ கேலரி ஒன்றைச் சந்துப்புள்ளியில் அடுக்கிப் பார்த்தால், ஒரே அளவுக் கட்டங்களை வைத்தே பக்கம் வேறு முகம் காட்டும்.

நேரம் இருக்கிறவர்கள் சிக்குக் கோலத்தை ஜாவாஸ்கிரிப்டில் வரைந்து பார்க்க வேண்டும். போர்ட்ஃபோலியோவில் பத்து லேண்டிங் பேஜ் வைப்பதைவிட இது ஒன்று கனமாக நிற்கும். சிக்குக் கோலத்தில் கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவே இரண்டே விஷயம்தான் நடக்க முடியும். கோடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டலாம், இல்லை தன் புள்ளியைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடலாம். ஒரு புள்ளிக்கு நான்கு பக்கம், ஆகவே 16 வகை. திருப்பிப் பார்த்தால் ஒன்றாகிவிடுகிறவற்றைக் கழித்தால் 6 ஓடுகள் (டைல்) மிஞ்சும்: எந்தப் பக்கமும் இணையாத வட்டம், ஒரு பக்கம் மட்டும் இணைந்த துளி, எதிரெதிரே இரண்டு பக்கம், அடுத்தடுத்து இரண்டு பக்கம், மூன்று பக்கம், நான்கு பக்கம்.

இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். முதல் முறை எழுதும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் 'இது எந்த ஓடு' என்று சேமிப்பார்கள். இடது புள்ளி வலப்பக்கம் இணைப்பு என்று சொல்லும், வலது புள்ளி இடப்பக்கம் இணைப்பில்லை என்று சொல்லும், கோடு நடுவழியில் அறுந்து தொங்கும். அதைச் சரிசெய்ய ஒரு ஃபங்ஷன், அந்த ஃபங்ஷனைச் சரிசெய்ய இன்னொன்று. சேமிக்க வேண்டியது எந்த ஓடு என்பதை அல்ல, இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள இணைப்பை. அது ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். 3க்கு 3 கோலத்தில் இப்படி 12 இணைப்புகள் உண்டு, 5க்கு 5ல் 40. எந்த ஓடு என்பதை வரையும் நேரத்தில் கணக்கிட்டுக்கொள்ளலாம். வெறும் 12 ஆம்-இல்லைகளில் 4,096 கோலங்கள் அடங்கிவிடுகின்றன, எதிலும் கோடு அறுவதற்கு வழியே இல்லை. ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் ஒரே தகவலை இரண்டு ஸ்டேட்டில் (நினைவில் வைக்கும் மதிப்பில்) வைத்து இரண்டும் முரண்டுபிடிக்கும் அதே வியாதிதான் இது. கோலத்தில் ஒரு தடவை பட்டுவிட்டால் வேலையில் மறக்காது.

சோதிக்கவும் அழகான வழி இருக்கிறது. எல்லா இணைப்பையும் 'ஆம்' ஆக்கிவிட்டு மொத்தம் எத்தனை தனித்தனி இழைகள் வருகின்றன என்று எண்ணுங்கள். அது வரிசை எண்ணிக்கை, நெடுவரிசை எண்ணிக்கை இரண்டின் மீப்பெரு பொது வகுத்தியாக இருக்க வேண்டும். 3க்கு 4 என்றால் ஒரே இழை, 3க்கு 3 என்றால் மூன்று, 4க்கு 6 என்றால் இரண்டு. வேறு எண் வந்தால் கோலக் கோட்டைப் பின்தொடரும் உங்கள் புரோகிராமில் பிழை. கடைசியாக ஒரு சிக்கல்: ஓடு ஓடாக வரைந்த எஸ்விஜி (கோடுகளாகச் சேமிக்கும் படம்) பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் கோலம் போடுவதைப் போல அனிமேஷன் வைத்தால் எல்லா வளைவும் ஒரே நேரத்தில் முளைக்கும். முதலில் இழையைப் பின்தொடர்ந்து ஒரே பாத்தாகக் கோத்துவிட்டு, அதன் பாத்-லெங்த்தையும் டேஷ்-அரேயையும் 1 என்று வைத்து, டேஷ்-ஆஃப்செட்டை 1லிருந்து 0க்கு இறக்க வேண்டும். அப்போதுதான் மாவு விழுகிற மாதிரி இருக்கும்.

அனிமேஷன் என்றதும் தலையாட்டி பொம்மையைச் சொல்லாமல் போக முடியாது. அடி கனத்து உருண்டு இருப்பதால் தள்ளினால் சாய்ந்து, எதிர்ப்பக்கம் போய், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடக் குறைந்து, நிமிர்ந்து நிற்கும். அசைவின் வேகத்தைச் சொல்லும் க்யூபிக்-பெசியர் வளைவால் இதைச் செய்ய முடியாது, அது முடிவில் ஒரே ஒரு தடவைதான் எல்லை தாண்டித் திரும்பும். கீஃப்ரேமோ, புதிதாக வந்த லீனியர் ஃபங்ஷனோ வேண்டும். அப்படியே அசைவைக் குறைக்கச் சொல்லிப் போனில் அமைத்திருப்பவர்களுக்கு இதை நிறுத்திவைக்கும் மீடியா க்வெரியையும் எழுதுங்கள். வணிக சைட்டில் கார்ட் ஐகான் ஒன்று ஆடினால் போதும். பக்கம் முழுக்க ஆடினால் அது பேய்தான்.

இதுவரை சொன்னது கண்ணுக்கு. சம்பளம் ஏறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உங்கள் வாயிலேயே இருக்கிறது. தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்று சரியாகத் தெரிந்த டெவலப்பர்கள் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் வேலை செய்கிறவர்களிலும்தான்.

'தஞ்சாவூர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடக் கணக்கில் த, ஞ், சா, வூ, ர் என்று ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டில் லெங்த் கேட்டால் 9 என்று சொல்லும். மெய்க்குப் புள்ளி தனி, துணைக்கால் தனி, ஊகாரக் குறி தனி. முதல் இரண்டு 'எழுத்தை' ஸ்லைஸ் செய்தால் 'தஞ' என்று வரும், புள்ளி காணாமல் போயிருக்கும். கோமதி என்பவருடைய ப்ரொஃபைல் வட்டத்தில் முதல் எழுத்தைக் காட்டச் சொன்னால் 'க' என்று காட்டும். இதற்கு மருந்து, இன்டல் (Intl) என்ற ஜாவாஸ்கிரிப்ட் பொருளுக்குள் இருக்கும் செக்மென்டர், சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரும் கருவி. கிராஃபீம் (கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் முழு எழுத்து) முறையில் அதைப் பயன்படுத்தினால் 'கோ' என்று முழுதாகக் கிடைக்கும். 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸுக்கும் வந்துவிட்டதால் இனி தயங்கக் காரணம் இல்லை. ஒரு குறை மட்டும் மனதில் இருக்கட்டும். க்ஷ என்ற எழுத்தை அது க், ஷ என்று இரண்டாகத்தான் பிரிக்கும், அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.

தேடலில் வரும் தொல்லை இன்னும் நுட்பமானது. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, டேட்டாபேஸ் மட்டும் இரண்டும் வேறு என்று சொல்லும். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி முறையில் நார்மலைஸ் செய்தால், அதாவது இரண்டையும் ஒரே வடிவமாக்கினால், இது தீர்ந்தது. தீராத ஒன்றும் இருக்கிறது. கௌசல்யா என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு, க, ள என்று 'கெளசல்யா' அடிக்கிறவர்கள் ஏராளம். அச்சில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், நார்மலைஸ் இதைத் தொடவே தொடாது. பெயர்த் தேடலுக்கென்று ஓர் இணைநெடுவரிசை வைத்து, அதில் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிச் சேமித்துக்கொள்ள வேண்டும். ஊர்ப் பெயர்களை வரிசைப்படுத்தும்போதும் கவனம். யூனிகோடு வரிசையில் ந-வுக்கு அடுத்து ன வருகிறது, ர-வுக்கு அடுத்து ற வருகிறது, ழ-வுக்கு முன்னால் ள நிற்கிறது. சாதாரண ஸார்ட் அப்படியே அடுக்கிவிடும். மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் கொலேட்டருக்குத் தமிழ் என்று மொழியைச் சொன்னால் அகராதி வரிசை வரும்.

எழுத்துருவுக்கு வருவோம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேடமரான், அனேக் தமிழ், பாலு தம்பி என்று இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. அசிங்கமாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துரு இல்லை. 400 கனத்தை மட்டும் ஏற்றிவிட்டுத் தலைப்பைப் போல்ட் ஆக்குவார்கள். ப்ரவுசர் தானே தடிமனாக்கும், ஞ, ண போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சாய்வெழுத்தும் அப்படியே, பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு கிடையாது, ப்ரவுசர் பிடித்துச் சாய்க்கும். ஆங்கிலத் தலைப்புக்குப் பழகிய 1.2 வரி உயரத்தைத் தமிழுக்கு வைத்தால் மேல்வரியின் ழு-வும் கீழ்வரியின் கீ-யும் முட்டும். தலைப்புக்கு 1.4, உரைக்கு 1.7 என்பது பாதுகாப்பான ஆரம்பம். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் அப்பர்கேஸ் தலைப்பு என்ற ஆயுதமும் கையில் இல்லை. கனம், அளவு, நிறம் மூன்றை வைத்துத்தான் எது முக்கியம் என்று காட்ட வேண்டும்.

உள்ளூர் அச்சகத்திலிருந்து விஷயம் வாங்கினால் இன்னொரு கூத்து காத்திருக்கும். அவர்களிடம் இருக்கும் பழைய பேஜ்மேக்கர் ஃபைலில் எழுத்து, யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருக்கும். காப்பி செய்து ஒட்டினால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாக விழும். மாற்றித் தரும் கருவிகள் நிறைய இருக்கின்றன. ஆனால் பழைய எழுத்துருக்களில் கொம்பு மெய்க்கு முன்னால் அடிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் பின்னால் வரும். ஆகவே எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைச் சொற்களைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். நடுநடுவே உள்ள ஆங்கிலச் சொற்களையும் ஈமெயில் முகவரியையும் கருவி சேர்த்துத் தமிழாக்கிவிடும். அவற்றை முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

எஸ்எம்எஸ் அனுப்பும் வேலை வந்தால் பட்ஜெட்டையே மாற்றும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70. நீண்டு இரண்டாக உடைந்தால் ஒவ்வொன்றிலும் 67தான். 'உங்கள் பதிவு உறுதியானது' என்ற மூன்று சொல்லே 23 இடத்தைத் தின்றுவிடும். கிளையன்ட் ஒரு செய்தி என்று நினைத்துக் கணக்குப் போட்டிருப்பார், பில் மூன்று செய்திக்கு வரும். டெம்ப்ளேட்டை (அனுப்பப்போகும் செய்தியின் மாதிரியை) பதிவுக்கு அனுப்பும் முன்பே எண்ணிச் சொல்லிவிட வேண்டும், ஒப்புதல் வாங்கிய பிறகு சொல்லை மாற்றினால் செய்தி போய்ச் சேராது.

போர்ட்ஃபோலியோவுக்கு என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் கல்யாண மண்டபம்தான். யாரும் கேட்காத மியூசிக் ஆப்பை மறுடிசைன் செய்வதைவிட இதில் சரக்கு அதிகம். முதலாவது, மண்டபத்தின் ஒரு நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. முதல் நாள் மதியம் அல்லது மாலையில் சாவி வாங்கினால், அன்று இரவு ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், மதியச் சாப்பாடு முடிந்து ஒப்படைப்பு. தேதி என்று ஒரே ஒரு நெடுவரிசை வைத்த டேட்டாபேஸ் இதைத் தாங்காது. தொடக்கம், முடிவு என்று இரண்டு நேரம் வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் சர்வரில்தான் தடுக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நொடியில் பட்டனை அழுத்துவது தை மாதத்தில் நடக்கும். இரண்டாவது, ஆடியும் மார்கழியும் காலண்டரில் காலியாகக் கிடக்கும், முகூர்த்த நாள்களுக்கு அடிதடி. எல்லாத் தேதியையும் ஒரே மாதிரி காட்டும் காலண்டர் பயனில்லாதது.

மூன்றாவது ஒரு பிழை, நேர்முகத்தில் சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பயனர் செப்டம்பர் 4ஐத் தேர்ந்தெடுக்கிறார். ப்ரவுசர் அதை இந்திய நேரம் 4ஆம் தேதி நள்ளிரவு என்று வைத்துக்கொள்கிறது. டெவலப்பர் அதை ஐஎஸ்ஓ எழுத்தாக மாற்றி அனுப்புகிறார். உலகப் பொது நேரத்தில் அது செப்டம்பர் 3, மாலை 6.30. சர்வர் முதல் பத்து இடத்தை வெட்டி எடுத்துத் தேதியாகச் சேமிக்கிறது. முகூர்த்தம் ஒரு நாள் முன்னால் போய்விட்டது. பத்திரிகை அடித்த பிறகு இது தெரியவந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நேரமே தேவையில்லாத தேதியை, வருடம்-மாதம்-நாள் என்ற எழுத்தாகவே முதலிலிருந்து கடைசி வரை கொண்டுபோனால் இந்த வம்பே இல்லை.

விவசாயிகளுக்கான ஃபார்ம் செய்தாலும் இதே மாதிரி ஊருக்கே உரிய கண்ணிகள் இருக்கின்றன. நிலம் எவ்வளவு என்று கேட்டு ஏக்கர் என்று மட்டும் வைத்தால், டெல்டாக்காரர் மனதில் மா என்றுதான் கணக்கு இருக்கும். 100 குழி ஒரு மா, அது 33 சென்டுக்குக் கிட்ட. 20 மா ஒரு வேலி. ஆறு மா வைத்திருப்பவர் அவசரத்தில் 6 என்று போட்டுவிட்டுப் போவார், உங்கள் கணக்கில் நிலம் மூன்று மடங்காகிவிடும். பக்கத்திலேயே அலகைத் தேர்ந்தெடுக்கவிட்டு, கீழே 'சுமார் 2 ஏக்கர்' என்று உடனே மாற்றிக் காட்டினால் அவரே திருத்திக்கொள்வார். மூட்டையும் இப்படித்தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ, வெளியே வியாபாரியிடம் வேறு. எண்ணிக்கையோடு எடையையும் கேளுங்கள். தொகையைக் காட்டும்போது நம்பர் ஃபார்மேட்டில் மொழியைத் தமிழ்-இந்தியா என்று கொடுத்தால் 1,00,000 என்று வரும். விட்டால் ப்ரவுசரின் மொழியைப் பொறுத்து அமெரிக்க வழக்கப்படி 100,000 என்று வந்துவிடலாம்.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது டெல்டாவில் இருப்பவருக்குத் தனியாகப் பாடம் தேவையில்லை. ஜூன் 12ல் மேட்டூர் திறந்த செய்தியைக் கேட்டுக் கடைமடைக்காரர் நாற்று விடமாட்டார். தண்ணீர் தன் வாய்க்காலுக்கு வந்தால்தான் வந்த கணக்கு. கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸும் ஏறக்குறைய அப்படித்தான் அளக்கிறது. சராசரியை எடுப்பதில்லை, நூறு பேரை வேகப்படி நிறுத்தினால் 75ஆவது ஆளுக்கு எப்படி இருந்தது என்று பார்க்கிறது. அவருக்குப் பெரிய படமோ தலைப்போ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லி நொடிக்குள் பதில் வர வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1க்குள் இருக்க வேண்டும். 2024 மார்ச்சிலிருந்து தொடுதலை அளப்பது ஐஎன்பி என்ற அளவுகோல். தமிழ் சைட்டுகள் குதிப்பதில்தான் அதிகம் தோற்கின்றன. முதலில் போனில் இருக்கும் எழுத்துரு தெரியும், பிறகு நீங்கள் கொடுத்தது வந்து இறங்கும், இரண்டின் அகலமும் வேறு, மூன்று வரி நான்காகி எல்லாம் கீழே தள்ளப்படும். மாற்று எழுத்துருவுக்கு சைஸ்-அட்ஜஸ்ட் கொடுத்து அகலத்தை நெருக்கமாக்குங்கள், தேவையான இரண்டு கனத்தை மட்டும் ஏற்றுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நாகை, வேதாரண்யம் பக்கம் கரண்டும் டவரும் நாள் கணக்கில் இல்லை. பாதி நிரப்பிய ஃபார்ம் போனிலேயே சேமிக்கப்பட்டு, சிக்னல் வந்ததும் போய்ச் சேரும்படி செய்வதை இங்கே ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. நிற வேறுபாட்டையும் ஏசி அறையில் பார்க்காமல் வெயிலில், வரப்பில் நின்று பாருங்கள். 4.5க்கு 1 என்பது விதிமுறை கேட்கும் குறைந்தபட்சம், வெயிலில் 7க்கு 1 வேண்டியிருக்கும்.

சரி, இதையெல்லாம் வேலையாக எப்படி மாற்றுவது? போர்ட்ஃபோலியோவில் மூன்று வேலை போதும், பதின்மூன்று வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஸ்கிரீன்ஷாட்டைவிட எழுத்து முக்கியம்: என்ன பிரச்சினை, எந்த இரண்டு வழிகளை யோசித்தீர்கள், ஏன் ஒன்றைக் கைவிட்டீர்கள், வெளியிட்ட பிறகு என்ன உடைந்தது. அந்தக் கடைசிப் பத்திதான் ஆள் எடுப்பவர் நின்று படிக்கும் இடம். உடைந்ததை மறைக்கிறவர்கள் ஜூனியராகவே தெரிவார்கள். கிட்ஹப்பில், தினமும் வேலை செய்ததாகக் காட்டும் பச்சைக் கட்டத்தை நிரப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதைவிட வேர்ட்பிரஸ்ஸின் தமிழ் மொழிபெயர்ப்பிலோ, மொசில்லாவின் மொழிபெயர்ப்புத் தளமான பொன்டூனிலோ நூறு வரி திருத்திக் கொடுப்பது மேல். தமிழ் எழுத்து எங்காவது தப்பாகத் தெரிந்தால், பிரச்சினையை மட்டும் காட்டும் பத்து வரி ஹெச்டிஎம்எல்லோடு, எந்த ப்ரவுசர், எந்தப் பதிப்பு, என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்று எழுதிப் புகார் கொடுங்கள். நல்ல புகார் எழுதத் தெரிந்தவரை வெளிநாட்டுக் குழுவும் ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

ஊரைவிட்டுப் போனால்தான் வளர்ச்சி என்ற பேச்சு முன்புபோல் இல்லை. தஞ்சாவூரிலேயே 2024 செப்டம்பரில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள். ஆனாலும் முதல் இரண்டு வருடம், உங்கள் புரோகிராமைத் திருத்தும் ஒரு மூத்தவர் இருக்கும் இடம் எதுவோ அங்கே இருங்கள், அது சென்னையானாலும் திருச்சியானாலும். தனியாகவே ஃப்ரீலான்ஸில் ஆரம்பிக்கிறவருக்குத் தன் தப்பைச் சொல்ல ஆளில்லை, அதே தப்பில் ஐந்து வருட அனுபவம் சேர்ந்துவிடும்.

ஃப்ரீலான்ஸ்தான் என்று முடிவு செய்தால் பணம் வாங்கும் முறையை முதலிலேயே எழுதிவிடுங்கள். 40 சதவிகிதம் அட்வான்ஸ், டிசைன் சரி என்றதும் 30, சைட் வெளியாகும் முன் 30. வெளியான பின் என்று எழுதினால் அந்தப் பாக்கி அறுவடைக்குப் பிறகு, பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளிக்கொண்டே போகும். வேலை தாமதமாவதற்கு முக்கியக் காரணம் புரோகிராம் எழுதுவது இல்லை, கிளையன்டிடமிருந்து வர வேண்டிய படமும் விலைப்பட்டியலும்தான். அவை வந்த நாளிலிருந்துதான் நாள் கணக்கு என்று ஒரு வரி சேருங்கள். திருத்தம் இரண்டு சுற்று, மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம். சேவைத் தொழிலில் வருட வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், அதற்கு முன்பே ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுவது நல்லது.

டொமைனை உங்கள் பெயரில் எடுக்காதீர்கள். வசதியாக இருக்கிறது என்று பலர் செய்கிறார்கள். பிறகு நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள், பழைய ஈமெயிலைப் பார்க்கமாட்டீர்கள், புதுப்பிப்பு நாள் கடந்துவிடும், கடையின் சைட்டும் அதோடு சேர்ந்து மெயிலும் ஒரே காலையில் நின்றுபோகும். கடைக்காரரின் சொந்த ஈமெயில், சொந்தப் போன் எண், அவருடைய கார்டு, இந்த மூன்றிலும் பதிவு செய்து, பாஸ்வேர்டையும் புதுப்பிக்கும் தேதியையும் ஒரு தாளில் அச்சடித்து, அதைக் கல்லாப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்லிவிட்டு வாருங்கள்.